வந்தவர்கள் பார்க்கும் திரை

இரண்டாவது மானிட்டர் வந்தபோது அனுசுயாவுக்கு அதன் முதுகுதான் கிடைத்தது.

முகம் எதிர்ப்பக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்தபடி அது நின்றது. முதலாளி சாமியப்பனே கையால் பிடித்துத் திருப்பி வைத்தார்.

"இது உனக்கில்ல கண்ணு. வர்றவங்களுக்கு," என்றார். "உனக்கு லேப்டாப் போதும். யாரு சரக்கு எங்க நிக்குது, யாரு எப்பக் குடுக்கோணும், எல்லாத்தையும் இதுல போட்டு வெச்சுரு. வாயால சொல்ல வரலைன்னா கண்ணால காட்டு."

திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் ஒரு சட்டை முடிவதற்குள் துணி பல கை மாறும். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் இன்னோரிடம். எல்லாரையும் துரத்திச் சரக்கை நேரத்துக்கு வாங்கி, அடுத்தவரிடம் சேர்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு ஃபாலோ-அப் என்று பெயர். அதற்கு முதல் தகுதி தொண்டை. அனுசுயாவுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த இசக்கிமுத்து போனை எடுத்துப் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குப் போன் தேவைப்படாது. அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போய்விட்டார். போன பிறகு அலுவலகத்தில் மின்விசிறிச் சத்தமே கேட்கத் தொடங்கியது.

அனுசுயாவின் தொண்டை வேறு மாதிரி. கெமிஸ்ட்ரி படித்தவள். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காதவள். படிப்பு முடிந்து இதே கம்பெனியில் பார்கோடு அறையில் ஸ்டிக்கர் அடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஆள் கிடைக்காத நெருக்கடியில் சாமியப்பன் அவளைக் கொண்டுவந்து இங்கே உட்கார வைத்தார்.

"ஜெர்மனி ஆர்டர் இருக்குதில்ல, கொழந்தைங்க நைட் டிரெஸ். அது கப்பல்ல ஏறிட்டா இந்த சீட்டு உனக்கு. லேட்டாகி நட்டத்துக்கு ஏர்ல அனுப்பற மாதிரி ஆச்சுன்னா நீ மறுபடியும் பார்கோடுக்கே போயிரு சாமி. மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். மனதில் நிறையவே வைத்துக்கொண்டாள்.

அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். பார்கோடு அறையில் ஒரு சட்டை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாது. இங்கே நூலில் தொடங்கி அட்டைப்பெட்டி வரை ஒவ்வொரு படியும் தெரிந்தது. எது எதனால் தாமதமாகிறது என்று கண்டுபிடிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்த பிறகு சம்பந்தப்பட்டவரிடம் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் விஷயங்களுக்குக் கம்பெனியில் சுரேஷ்தான். கட்டிங் செக்‌ஷனில் வேலை. கேபிளைச் செருகிவிட்டு அவன் சொன்னான்.

"உன் ஸ்கிரீனுக்கு வலது பக்கம் அது ஒட்டிட்டு இருக்கறதா நெனச்சுக்க. விண்டோவைப் புடிச்சு வலது பக்கமா இழுத்துத் தள்ளினீன்னா அந்தப் பக்கம் போயிரும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவன் சொன்னதில் பாதிதான் உண்மை. தள்ளிய விண்டோ அவள் திரையின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது. அந்தப் பக்கம் எப்படி நிற்கிறது, முழுதாகத் தெரிகிறதா, பாதி வெளியே தொங்குகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் எழுந்து மேசையைச் சுற்றி வர வேண்டியிருந்தது. ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் தோளுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்ப்பது அவளுக்குக் கூச்சம். அதனால் இருந்த இடத்திலிருந்தே குத்துமதிப்பாக மவுஸை ஓட்டினாள்.

ஷெட்யூலை மூடப் போனால் 'சேமிக்கவா?' என்று கேட்கும் சின்னப் பெட்டி அந்தப் பக்கத்திலேயே திறந்துகொள்ளும். இவள் திரையில் ஒன்றும் அசையாது. கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"கண்ணு, அது என்னமோ கேட்டுட்டு நிக்குதுங்க," என்றார் சென்னியப்பன். சாயப்பட்டறைக்காரர். ஜெர்மனி ஆர்டரின் துணி எல்லாம் அவரிடம்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் அந்த வாரம் ஓடும் நிறம் இருக்கும்.

"என்னங்கண்ணா கேக்குது?"

"சேவ் பண்ணட்டுமான்னு கேக்குதுங்க. பண்ணச் சொல்லீரலாங்களா?"

"பட்டன் எங்க இருக்குதுங்க?"

"அம்பு இப்ப நடுவுல நிக்குது. சித்தெ கெழக்கால போங்க."

அவள் கையைக் கிழக்கே நகர்த்தினாள்.

"அது மேக்கால போகுதுங்க. கெழக்கங்க, கெழக்க."

இன்னும் கிழக்கே நகர்த்தினாள்.

"ஏனம்முணி, பழனிக்குப் போகச் சொன்னா பவானிக்குப் போறே?" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த மயிலாத்தாள். தையலுக்குத் துணி வாங்கிப் போகிறவள். குன்னத்தூர் ரோட்டில் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் பவர்டேபிள் யூனிட் வைத்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம்.

அனுசுயா கையை நிறுத்தி யோசித்தாள். வந்தவர்கள் வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் தெற்கே பார்த்து. அவர்களுடைய கிழக்கு அவர்களுக்கு வலது கை. மவுஸுக்கும் வலதுதான் வலது. ஆனால் அவளுக்கு வலது கைப் பக்கம் மேற்கு. ஆகவே கிழக்கு என்று சொன்னால் மேற்கே நகர்த்த வேண்டும். மேற்கே நகர்த்தினாள்.

"ஆங். இப்பச் சரியாப் போகுது. அழுத்துங்க."

"இந்தக் கம்பெனியில கெழக்கும் மேக்குமே மாறிப் போச்சு. இதுல கப்பல் எங்க போய்ச் சேரப் போகுதோ," என்றாள் மயிலாத்தாள்.

இரண்டு நாள் இப்படி ஓடியது. சுரேஷ் தற்செயலாக ஒருமுறை இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினான். ஷெட்யூல் அவளுடைய லேப்டாப்பிலும் வந்து நின்றது.

"இனிமே நீ எந்திரிக்கவே வேண்டாம். அவங்களுக்குத் தெரியறது உனக்கும் தெரியும்," என்றான்.

அந்த இடத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். 'எனக்குத் தெரிவதெல்லாம் அவர்களுக்கும் தெரியுமா?' நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சுரேஷ் ஏற்கெனவே வாசல் வரை போய்விட்டான். கூப்பிட்டால் சத்தமாகக் கூப்பிட வேண்டும். சரி, ஷெட்யூல் ஒரு நகல் அங்கே, ஒரு நகல் இங்கே, மற்றதெல்லாம் நம்முடையது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள்.

அனுசுயாவுக்குக் கல்லூரியிலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. ஒருவரிடம் சொல்ல வேண்டியது தொண்டையில் சிக்கிக்கொண்டால் நோட்பேடைத் திறந்து அதைத் தட்டுவாள். வாட்ஸ்அப்பில் எல்லாரும் அடிப்பதுபோல ஆங்கில எழுத்தில் தமிழ். ஒருமுறை படிப்பாள். மொத்தமாக அழிப்பாள். நெஞ்சு லேசாகிவிடும். அதன் பிறகு சொல்ல வந்ததில் கால்வாசியை மென்மையாகச் சொல்வாள்.

மறுநாள் சென்னியப்பன் வந்து உட்கார்ந்தார்.

"வரிக்கோட்டுத் துணி என்னாச்சுங்கண்ணா?"

"நாளைக்குங்க கண்ணு."

திருப்பூரில் 'நாளைக்கு' என்பது ஒரு மரியாதை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது போல. அதை யாரும் காலண்டரில் தேடுவதில்லை. அனுசுயா ஷெட்யூலின் மேல் நோட்பேடைத் திறந்தாள்.

'அண்ணா, முந்தாநாளும் நாளைக்கு என்றீர்கள். நேற்றும் நாளைக்கு என்றீர்கள். உங்களைப் பார்த்தால் எங்கள் லேபில் இருந்த அடைத்துப்போன பியூரெட் ஞாபகம் வருகிறது. எவ்வளவு திருகினாலும் ஒரு சொட்டு விழாது. திருகுகிற நம் கைதான் வலிக்கும்.'

படித்தாள். அழித்தாள்.

"பரவால்லீங்கண்ணா," என்றாள்.

சென்னியப்பன் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வாரனுங்க கண்ணு," என்று எழுந்து போனார். சாயங்காலமே துணி வண்டியில் வந்து இறங்கியது.

அடுத்தது மயிலாத்தாள். பேன்ட் தைத்துக்கொடுக்க வேண்டியவள், ஓவர்லாக் மிஷின் ரிப்பேர் என்றாள். அனுசுயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கை தட்டிக்கொண்டிருந்தது.

'அக்கா, மிஷின் நன்றாக ஓடுகிறது. உங்கள் சேலை மடிப்பில் நீல நூல் ஒட்டியிருக்கிறது. எங்கள் ஆர்டரில் நீலமே கிடையாது. வேறு கம்பெனிச் சரக்கை முன்னால் தைக்கிறீர்கள். நான் கேட்கவில்லை என்பதால் எனக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை.'

அழித்தாள். "மிஷின் சரியானதும் சொல்லுங்கக்கா," என்றாள்.

மயிலாத்தாள் குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். மடிப்பிலிருந்த நூலை இரண்டு விரலால் எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பேன்ட் பண்டில்கள் சொன்னதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்தன.

அனுசுயா ஷெட்யூலின் நிறங்களை மாற்றியிருந்தாள். தாமதமானால் சிவப்பு, நெருங்கினால் மஞ்சள், முடிந்தால் பச்சை. எல்லாம் அந்த நிறங்களின் மகிமை என்று நம்பினாள். சாமியப்பனும் அப்படித்தான் நினைத்தார்.

"கத்தாமயே வேலையாகுதே. இத்தன வருசம் இசக்கிமுத்து தொண்டையில புண்ணு வந்து மாத்திரை போட்டதெல்லாம் வீணா?" என்றார்.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள், ஆனால் அதன் பொருள் புரியவில்லை. வருகிறவர்கள் அதிக நேரம் உட்கார ஆரம்பித்தார்கள். வேலை முடிந்தும் எழுவதில்லை. பட்டனுக்கும் எலாஸ்டிக்குக்கும் வருகிறவர்கள்கூட நாற்காலி காலியாகிறதா என்று பார்த்தார்கள். அவள் தட்ட ஆரம்பித்தால் பேச்சு நின்றுவிடும். எல்லார் கண்ணும் திரையில் இருக்கும். சில சமயம் யாரோ ஒருவர் வாயைத் துண்டால் பொத்திக்கொள்வார். ஷெட்யூலில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அன்றைக்குக் காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அவள் சாப்பிடவில்லை. வந்து உட்கார்ந்ததும் சென்னியப்பன் வந்துவிட்டார். துணியைப் பற்றிய பேச்சு முடிந்தது. அவருடைய ஊர்த் தேர்த் திருவிழா தொடங்கியது. போன வருடம் தேர் திருப்பத்தில் சிக்கி நின்றது, யார் யார் வடம் பிடித்தார்கள், எந்த மாமன் யாரிடம் கோபித்துக்கொண்டார் என்று விலாவாரியாகப் போனது. மயிலாத்தாள் "அப்பறம்?" "அப்பறம்?" என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அனுசுயா தட்டினாள்.

'காலையில் சாப்பிடவில்லை. பையில் இட்லி இருக்கிறது. அண்ணன் எழுந்தால் ஒன்றையாவது விழுங்கலாம். ஆனால் தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை.'

சென்னியப்பன் பேச்சைச் சட்டென்று நிறுத்தினார்.

"தேரு அப்பவே நிலைக்கு வந்துருச்சுங்க," என்றார். எழுந்து நின்றார். "நீங்க மொதல்ல சாப்பிடுங்க கண்ணு. பசியோட இருந்தா என்னத்துக்காகறது."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மயிலாத்தாள் அவரை முறைத்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

அனுசுயாவின் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன. மெல்ல எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். மயிலாத்தாளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

அந்தப் பெரிய திரையின் நடுவில், அவளுடைய லேப்டாப்பில் இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், இட்லியும் தேரும் இருந்தன.

அவள் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த ஸ்டோருக்குள் போய்விட்டாள். அங்கே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பியூரெட், நீல நூல், இன்னும் இந்த நாட்களில் தட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எலாஸ்டிக்காரரின் மீசையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாள். அதை நினைத்ததும் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மயிலாத்தாள் வந்தாள். கையில் அனுசுயாவின் டிபன் பாக்ஸ்.

"சாப்பிடு."

"எத்தன நாளாத் தெரியுங்கக்கா?"

"மொதல்ல இருந்தே."

"ஏன் யாரும் சொல்லலை?"

மயிலாத்தாள் எதிரே ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எப்படிச் சொல்றது? ஒருத்தரு மனசுல பேசிட்டு இருக்கறப்ப குறுக்க பேசினா மரியாதையா? அதுவும் நீயே அழிச்சுப்போடறே. அழிச்சதப் பத்தி நாங்க கேக்கறது நல்லாயிருக்குமா?"

"கம்பெனி மெயிலெல்லாம் தெரிஞ்சிருக்குமேக்கா."

"இங்கிலீஸ்ல வந்தா நாங்க தலையத் திருப்பிக்குவோம். அது உங்க கம்பெனிச் சங்கதி." அவள் மூடியைத் திறந்து நீட்டினாள். "எலாஸ்டிக்காரரு மீசைய எடுத்துட்டாரு, பாத்தியா?"

அனுசுயா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானமே சுரேஷைத் தேடிப் போய்க் கேட்டாள். இந்த முறை வாசல் தாண்டிப் போகும் முன் பிடித்துவிட்டாள். அவன் பட்டனைக் காட்டிக்கொடுத்தான். ஷெட்யூல் அந்தப் பக்கம் போனது. நோட்பேட் இந்தப் பக்கம் அவளோடு தங்கியது. இனி ஓர் எழுத்தும் வெளியே போகாது.

வீட்டில் அம்மா பாண்டியம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இத்தனை வருடமாகியும் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது.

"ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? ஆபீஸ்ல எவனும் ஏசிட்டானா?"

"நான்தாம்மா ஏசிட்டேன். எல்லாரையும்."

"நீயா?" அம்மா கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். நம்பவில்லை. "போடி, போயி மூஞ்சியக் கழுவு."

அதன் பிறகு வந்த நாட்கள் பழையபடி ஆயின. சென்னியப்பன் வந்தார், திரையைப் பார்த்தார், அதில் கட்டங்களும் நிறங்களும் மட்டும் இருந்தன. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குங்க," என்றார். போனார். எலாஸ்டிக்காரர் வந்து காலி நாற்காலியிலும் உட்காராமல் நின்றபடியே பேசிவிட்டுப் போனார். ஷெட்யூலில் சிவப்பு ஏறியது. அது வெறும் சிவப்பாகவே இருந்தது.

கடைசியாக மெரூன் துணி மட்டும் பாக்கி நின்றது. ஜெர்மனி நைட் டிரெஸ்ஸில் பேன்ட் வரிக்கோடு, சட்டை மெரூன். பேன்ட் எல்லாம் தயார். மெரூன் துணி வந்தால்தான் சட்டை, சட்டை வந்தால்தான் செட், செட் சேர்ந்தால்தான் பெட்டி. தூத்துக்குடியில் கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சாமியப்பன் இரண்டு தடவை வந்து அவள் மேசை அருகே நின்றார். ஷெட்யூலின் சிவப்பைப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சென்னியப்பன் வந்தார். பக்கத்தில் மயிலாத்தாள். மெரூன் துணிக்காகக் காலையிலிருந்து காத்திருந்தாள்.

"மெரூன் எப்பங்கண்ணா வரும்?"

"நாளைக்குங்க கண்ணு. கண்டிப்பா."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மெரூன் இல்லை என்பதை அனுசுயாவும் பார்த்தாள்.

நோட்பேடைத் திறந்தாள். 'அண்ணா' என்று தட்டினாள். மேலே வரவில்லை. யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு அதை எழுதி என்ன பயன் என்று இருந்தது. இந்த மேசையில் இத்தனை நாளும் அழித்ததால்தான் நெஞ்சு லேசாகிறது என்று நினைத்திருந்தாள். அது தப்பான முடிவு. அழித்தது, யாரோ படித்தது என்று இரண்டு மாறிகள் இருந்த சோதனையில் ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறாள்.

விண்டோவின் தலைப்பை மவுஸால் பிடித்தாள். வலது பக்கம் இழுத்தாள். அது அவள் திரையின் ஓரத்தில் பாதியாகி, கால்வாசியாகி, மறைந்தது.

இப்போது அவளுக்கு எதுவும் தெரியவில்லை. என்ன தட்டுகிறோம், சரியாகத் தட்டுகிறோமா, தெரியாது. தப்பானால் எந்த இடத்தில் அழிப்பது என்றும் தெரியாது. அவளுக்கு எதிரே மானிட்டரின் கறுப்பு முதுகும், அதற்கு மேல் சென்னியப்பனின் முகமும் இருந்தன. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு தட்டினாள்.

'அண்ணா, இந்த ஆர்டர் கப்பலில் ஏறாவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை. பார்கோடு அறைக்குப் போய்விடுவேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது. எனக்கு நல்ல தேதி வேண்டாம். உண்மையான தேதி வேண்டும். அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதை வைத்து நான் கணக்குப் போடுவேன். பொய்த் தேதியை வைத்து எதுவும் போட முடியாது.'

கையை எடுத்துக்கொண்டாள். அழிக்கவில்லை.

சென்னியப்பன் உதடு அசையப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார். மயிலாத்தாள் அவருக்கு முன்பே முடித்துவிட்டாள். அவள் திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிப்போடுங்க," என்றாள்.

"நீ சித்தெ சும்மா இரு ஆத்தா." அவர் துண்டை மடியில் வைத்து மடித்தார். "கண்ணு, மெரூன் போன வாரமே ஒருக்கா ஓட்டினனுங்க. ஷேடு தவறிப்போச்சு. காஞ்ச ரத்தமாட்டம் வந்துருச்சு. அத எப்படி உங்ககிட்டக் கொண்டாந்து காட்டறது? மறுக்காச் சாயம் போடோணும். பாய்லர்ல வேற ஒரு வேலை. ஆளு வந்து பாத்துட்டு இருக்கறான். வெள்ளிக்கெழமைங்க. வெள்ளிக்கெழமை மத்தியானம். அதுக்கு முன்னால நான் தலைகீழா நின்னாலும் ஆகாதுங்க."

வெள்ளிக்கிழமை. நினைத்ததைவிட மோசம். ஆனால் கை தானாக லேப்டாப்பில் ஷெட்யூலின் நகலைத் திறந்தது. வெள்ளி மத்தியானம் துணி. அன்றைக்கே கட்டிங் போட்டால் இரவுக்குள் முதல் பண்டில். சனிக்கிழமை தையல். ஞாயிற்றுக்கிழமை...

"ஞாயித்துக்கெழமை மிஷின் ஓடுமாக்கா?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் அதை வாயால் கேட்டிருப்பது தெரிந்தது.

"இவரு சொல்ற வெள்ளி நெச வெள்ளின்னா நான் ஞாயித்துக்கெழமை ஓட்டறேன்," என்றாள் மயிலாத்தாள். "எங்க பொண்ணுககிட்ட இப்பவே சொல்லி வெச்சரலாம். நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி அவளுகளச் சும்மா உக்கார வெச்சாத்தான் ஞாயித்துக்கெழமை எவளும் வரமாட்டா."

"நெச வெள்ளிதான் ஆத்தா."

"அப்ப ஏன் இத்தன நேரம் நாளைக்குன்னீங்க?"

"மொகத்துக்கு நேரா எப்படிங்க இல்லைன்னு சொல்றது," என்றார் சென்னியப்பன் வருத்தமாக. "படிச்சா வேற. எழுதிக் கேட்டா மழுப்ப முடியறதில்ல. அது அங்கயே நின்னுட்டுப் பாக்குது."

அனுசுயா பேசிக்கொண்டே போனாள். துணி மொத்தமாக வர வேண்டாம். சின்ன சைஸுக்கானதை முதலில் இறக்குங்கள், அதைத் தைத்துக்கொண்டிருக்கும்போது மற்றது வரட்டும். பேன்டை இப்போதே அயர்ன் செய்து வைத்துவிடலாம். பெட்டிக்கு ஸ்டிக்கர் முன்கூட்டியே அடித்துவிடலாம், அது அவளுக்குத் தெரிந்த வேலை. சென்னியப்பன் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றார். ஓரிடத்தில் மட்டும் "அது முடியாதுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அது அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

யாரும் கவனிக்காமல் சாமியப்பன் வந்து பின்னால் நின்றிருந்தார். திரையில் அனுசுயாவின் வரிகள் அப்படியே இருந்தன. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். 'பார்கோடு அறைக்குப் போய்விடுவேன்' என்ற இடத்தில் தொண்டையைச் செருமினார்.

"வெள்ளிக்கெழமையா?" என்றார்.

"ஆமாங்க சார்," என்றாள் அனுசுயா.

"சரி, பாரு." அவர் திரும்பிப் போனார். இரண்டு அடி போய்விட்டு நின்றார். "ஞாயித்துக்கெழமை தைக்கற பொண்ணுகளுக்கு மத்தியானச் சாப்பாடு இங்கிருந்து அனுப்பிரு. கோழி போடச் சொல்லு."

வெள்ளிக்கிழமை துணி வந்தது. மத்தியானத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் வந்தது. சென்னியப்பனே வண்டியில் முன்னால் உட்கார்ந்து வந்தார். நகக்கண்ணெல்லாம் மெரூன். கட்டிங்கில் சுரேஷ் முதல் லேயரை விரித்தான். ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூர் ரோட்டில் எல்லாக் கடையும் பாதி மூடியிருக்க, மயிலாத்தாள் யூனிட் மட்டும் இரைந்தது. அனுசுயா பிரியாணிப் பொட்டலங்களோடு போனாள். பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். "இவங்கதானா அந்த டைப் அடிக்கற அக்கா?" என்று ஒருத்தி கேட்டது அவள் காதிலேயே விழுந்தது. முகம் சூடானது. ஆனாலும் எல்லாருக்கும் பொட்டலம் கொடுத்து முடித்த பிறகுதான் வெளியே வந்தாள்.

கடைசிப் பெட்டி ஏறி, லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. அடுத்த நாள் காலையில் அவள் மேசையில் ஒரு புது ஆர்டரின் காகிதங்கள் இருந்தன. மேலே சாமியப்பனின் கையெழுத்து. ஃபாலோ-அப் என்ற இடத்துக்கு எதிரே அவள் பெயர். பார்கோடுக்கு வேறு ஆள் எடுத்துவிட்டதாக சுரேஷ் சொன்னான்.

"அந்த மானிட்டரை உன் பக்கம் திருப்பி வெச்சுத் தரட்டுமா? இன்னொண்ணு வாங்கச் சொல்லியிருக்கார் சார்," என்றான்.

"வேண்டாம், அது அங்கயே இருக்கட்டும். புதுசை எனக்கு வை."

பத்து மணிக்குச் சென்னியப்பன் வந்தார். மூன்று நாற்காலியும் காலி. நடுவில் உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்தார். அனுசுயா லேப்டாப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். அதன் பக்கத்திலிருந்த புது ஆர்டர் காகிதத்தை எடுக்கத்தான் போனாள், தட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

"ஏனுங்க கண்ணு," என்றார் சென்னியப்பன் அவசரமாக. "டைப் அடிக்க வேண்டாங்க. நானே சொல்லிப்போடறேன். புது ஆர்டர் துணி நாளைக்கு இல்லீங்க. சனிக்கெழமை."